லினக்ஸ் கணினியில் மென்பொருளை எங்கே தேடுவது, எதை நம்பி நிறுவுவது?

கேள்வி: பொதிகைச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். என் மடிக்கணினி வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. 4 ஜிபி நினைவகமும் 128 ஜிபி எஸ்எஸ்டியும் கொண்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஐ இந்தக் கணினி ஏற்காது என்பதால், விடுமுறைக்கு ஊருக்கு வந்த என் தம்பி மகன் லினக்ஸ் மிண்ட் 22 இயங்குதளத்தை எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைமுகத்துடன் (மேசையுடன்) நிறுவிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பிவிட்டான். தமிழ்99 தட்டச்சையும் அவனே அமைத்துக் கொடுத்தான், அதில் குறையில்லை. கணினியும் முன்னைவிட விரைவாக இயங்குகிறது. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ முயலும்போதுதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடுகிறது.

எனக்கு வேண்டியவை மூன்றே. பள்ளி ஆண்டு மலரைப் பக்க வடிவமைப்புச் செய்ய ஒரு மென்பொருள். பழைய மலர்களில் உள்ள கட்டுரைகளை வருடி, படத்திலிருந்து எழுத்தாக மாற்ற ஒன்று. மாணவர்கள் செய்யுள் ஒப்புவிப்பதைப் பதிந்து வெட்டி ஒட்ட ஒன்று. விண்டோஸில் செய்ததுபோலவே இணையத்தில் தேடினேன். ஸ்கிரைபஸ் என்னும் வடிவமைப்பு மென்பொருளின் தளத்திலிருந்து ஆப்இமேஜ் என்ற கோப்பைப் பதிவிறக்கி இருமுறை சொடுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. எழுத்துணரிக்காக ஜிஇமேஜ்ரீடர் என்பதைப் பதிவிறக்கினால் அது சுருக்கிய கோப்பாக வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தனவே தவிர, இயக்குவதற்கு எதுவும் இல்லை. ஒலித்தொகுப்புக்கு ஆடாசிட்டி நல்லது என்று ஒரு வலைப்பதிவில் படித்து, அதில் சொன்னபடி ஏதோ ஒரு பிபிஏவை முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) சேர்த்தேன். அன்று முதல் புதுப்பிப்பு மேலாளர் திறக்கும்போதெல்லாம் வெளியீட்டுக் கோப்பு இல்லை என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வருகிறது.

பின்னர்தான் மிண்ட்டிலேயே மென்பொருள் மேலாளர் என்ற ஒன்று இருப்பதைக் கண்டேன். அதில் ஆடாசிட்டியைத் தேடினால் கணினிப் பொதி, ஃபிளாட்பேக் என்று இரண்டு வகை காட்டுகிறது. இரண்டின் அளவும் வெவ்வேறு, பதிப்பு எண்ணும் வெவ்வேறு. எதைத் தேர்வது? இவற்றில் எது உண்மையில் கட்டற்றது (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது), எது வெறும் இலவசம் என்பதை எப்படி அறிவது? பெயரே தெரியாத ஒரு மென்பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசி இணைப்பில்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு விடை சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கடைமடை

வணக்கம் அம்மா. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. விண்டோஸில் இருபது ஆண்டு பழகிய எவரும் முதல் வாரத்தில் செய்வதையே செய்திருக்கிறீர்கள். முதலில் பிழைச்செய்தியைச் சரிசெய்துவிடுவோம். பட்டியலில் 'மென்பொருள் மூலங்கள்' என்ற கருவியைத் திறந்தால் அதில் பிபிஏ என்று ஒரு பிரிவு இருக்கும். நீங்கள் சேர்த்ததைத் தேர்ந்து நீக்குங்கள்; பிறகு தற்காலிகப் பட்டியலைப் புதுப்பிக்கக் கேட்கும், சரி என்று சொல்லுங்கள். பிபிஏ என்பது உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்துகொள்ளக்கூடிய தனியார் கிடங்கு. மிண்ட் 22 என்பது உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. அதன் குறிப்பெயர் நோபிள். அந்த வலைப்பதிவு எழுதப்பட்ட காலத்தில் இருந்த பழைய உபுண்டுவுக்கு மட்டும் பொதிகளைக் கட்டி வைத்துவிட்டு, பிபிஏவின் உரிமையாளர் பின்னர் நோபிளுக்கு எதையும் கட்டாமல் விட்டிருப்பார். உங்கள் கணினி நாள்தோறும் போய் நோபிளுக்கான பட்டியலைக் கேட்கிறது. அங்கே இல்லை என்று விடை வருகிறது. பிழை அவ்வளவுதான்.

ஆனால் அது பிழையோடு நின்றதும் ஒருவகையில் நல்லதே. ஒரு டெப் பொதியை, அதாவது டெபியன், உபுண்டு, மிண்ட் ஆகியவற்றுக்கான நிறுவல் கோப்பை, நிறுவும்போது அதற்குள் இருக்கும் சிறு நிரல்கள் கணினியின் முழு அதிகாரத்துடன் ஓடுகின்றன. எனவே ஒரு பிபிஏவைச் சேர்ப்பதற்கு, முகம் தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, இனி எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம் என்று சொல்வதாகவே பொருள். சில பிபிஏக்கள் மென்பொருளை உருவாக்கியவர்களாலேயே நடத்தப்படுபவை. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேடுபொறியில் முதலில் வந்த வலைப்பதிவு சொன்னது என்பதற்காக ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

இனி அடிப்படைக்கு வருகிறேன். விண்டோஸில் மென்பொருள் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலுக்கும் நாமே போய் வாங்கி வருவது. டெபியன், உபுண்டு, மிண்ட் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் அப்படியில்லை. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு மென்பொருளின் மூலநிரலையும் எடுத்து, உரிமத்தைப் படித்து, தங்கள் இயங்குதளத்தோடு பொருந்தும்படி கட்டி, ஒரே களஞ்சியத்தில் சேர்த்து வைக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் இத்தகைய பொதிகள் 69,000-க்கும் மேல். உபுண்டு அதிலிருந்து பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. மிண்ட் உபுண்டுவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆக, மென்பொருள் மேலாளரில் ஒன்றைத் தேடும்போது நீங்கள் ஒரு கடையில் தேடவில்லை. ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில், ஏற்கெனவே புடைத்து அளந்து வைத்த நெல்லைத் தேடுகிறீர்கள்.

அளந்து வைத்தது என்று சும்மா சொல்லவில்லை. களஞ்சியத்தின் தலைப்பட்டியலில் வழங்கலின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்குள் மற்றப் பட்டியல்களின் சரிபார்ப்பு எண்களும், அவற்றுக்குள் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணும் இருக்கின்றன. உங்கள் கணினி பொதியை இறக்கியதும் இந்தச் சங்கிலி முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுவுகிறது. எனவே பொதி எந்த ஊர்ப் பிரதித் தளத்திலிருந்து வந்தது என்பது முக்கியமில்லாமல் போகிறது. இணைப்பு மெதுவாக இருந்தால் மென்பொருள் மூலங்கள் கருவியிலேயே அருகில் உள்ள, விரைவான பிரதித் தளத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பாதுகாப்பில் எதுவும் குறையாது. வலைத்தளத்திலிருந்து நேராக இறக்குவதில் இந்தச் சரிபார்ப்பு தானாக நடப்பதில்லை. 2016 பிப்ரவரியில் மிண்ட்டின் சொந்த வலைத்தளமே ஊடுருவப்பட்டு, கள்ளக்கதவு (பிறர் இரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த நிறுவல் கோப்புக்குப் பதிவிறக்க இணைப்பு மாற்றப்பட்டது. அன்று கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பினார்கள், பார்க்காதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் பிரித்துப் பார்த்த சுருக்கிய கோப்பு மூலநிரல். அதைக் கட்டுவதற்குத் தனியே நிரல்மொழித் தொகுப்பியும் துணை நூலகங்களும் வேண்டும். சமைத்த சோறு பக்கத்து அறையில் இருக்கும்போது நாம் நெல் குத்த வேண்டியதில்லை, அழித்துவிடுங்கள். ஆப்இமேஜ் (நிறுவாமலே நேராக இயக்கும் ஒற்றைக் கோப்பு) ஓடாததற்குக் காரணம் இன்னும் எளியது: பதிவிறக்கிய எந்தக் கோப்பையும் இயக்கலாம் என்று லினக்ஸ் தானாக அனுமதிப்பதில்லை. கோப்பின் பண்புகளில் அனுமதிகள் என்ற பகுதியில், நிரலாக இயக்க அனுமதிக்கும் கட்டத்தைக் குறித்தால் பெரும்பாலும் ஓடும். சில ஆப்இமேஜ்களுக்கு ஃபியூஸ் 2 என்ற பழைய நூலகமும் தேவை. ஆனால் ஸ்கிரைபஸ் களஞ்சியத்திலேயே இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு? ஆப்இமேஜில் இன்னொரு குறையும் உண்டு: அதைப் புதுப்பிப்பு மேலாளர் கவனிப்பதில்லை. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பது உங்கள் பொறுப்பு.

இனிக் கணினிப் பொதியா, ஃபிளாட்பேக்கா என்ற கேள்வி. கணினிப் பொதி உங்கள் இயங்குதளத்தில் ஏற்கெனவே உள்ள நூலகங்களைப் பகிர்ந்துகொள்வதால் சிறியது. ஃபிளாட்பேக் தனக்கு வேண்டிய நூலகங்களை 'இயங்குசூழல்' என்ற பெயரில் கூடவே கொண்டுவருகிறது. முதல் ஃபிளாட்பேக்கை நிறுவும்போது அந்தச் சூழலுக்கு மட்டுமே சில நூறு எம்பி ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி என்ற கணக்கிலும், 128 ஜிபி வட்டிலும், 4 ஜிபி நினைவகத்திலும் வாழ வேண்டிய உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: களஞ்சியத்தில் இருக்கிறதா, அது உங்கள் வேலைக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள், போதாது என்று அனுபவத்தில் கண்ட பிறகே ஃபிளாட்பேக்குக்குப் போங்கள். உங்கள் மூன்று வேலைகளுக்கும் களஞ்சியமே போதும்.

களஞ்சியப் பதிப்பு பழையது என்பது உண்மை. உபுண்டு 24.04-இன் பதிப்பு எண்கள் 2024 ஏப்ரலோடு ஏறக்குறைய உறைந்துவிட்டன. அதன் பின் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களே வரும். ஆனால் இடையில் ஒருவர் நின்று பார்த்துத் தருகிறார் என்பதன் மதிப்பு எண்ணில் தெரியாது. 2021-இல் ஆடாசிட்டியை மியூஸ் குழுமம் கையகப்படுத்தியதும், பயன்பாட்டுத் தரவுகளைத் திரட்டும் வசதியைச் சேர்க்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தது. பயனர்களின் கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட செய்திகளைக் கவனித்து, வேண்டாததை நீக்கிக் கட்டித்தர ஒரு பொறுப்பாளர் நடுவில் இருப்பது, நம்மைப்போல் நிரல் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கட்டற்றதா, இலவசமா என்பதற்கும் களஞ்சியத்திலேயே விடை இருக்கிறது. உபுண்டுவின் களஞ்சியம் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டது: மெயின், யுனிவர்ஸ் ஆகிய இரண்டிலும் இருப்பவை கட்டற்றவை, ரெஸ்ட்ரிக்டெட், மல்டிவர்ஸ் ஆகிய இரண்டிலும் இருப்பவை உரிமத்தால் கட்டுண்டவை. மைக்ரோசாஃப்டின் எழுத்துருக்களை இறக்கித் தரும் பொதி மல்டிவர்ஸில் இருப்பது இதனால்தான்: காசு கேட்பதில்லை, ஆனால் கட்டற்றதும் இல்லை. ஃபிளாட்பேக்குகளை வழங்கும் ஃபிளாட்ஹப்பில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் உரிமம் இன்னதென்று எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதில் 2: தறிநாடா

கடைமடை ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். குறிப்பாக பிபிஏ பற்றிச் சொன்னதை. ஆனால் ஃபிளாட்பேக்கை ஏதோ வேறு வழியில்லாதபோது போகும் இடம்போலச் சித்திரித்ததில் எனக்கு உடன்பாடில்லை.

நான் திருப்பூரில் துணி அச்சுக்கான வடிவங்கள் வரைபவன். படங்களைத் திருத்தும் கிம்ப்பும் வரையும் இங்க்ஸ்கேப்பும் இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. கிம்ப் 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். வடிகட்டிகளை மூலப்படத்தை அழிக்காமல் போட்டுப் பார்த்து, பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதி அதில்தான் முதன்முதலில் வந்தது. மிண்ட் 22-இன் களஞ்சியத்தில் இருப்பதோ 2.10 வரிசை, 3.0 அங்கே இயல்பாக வரப்போவதில்லை. அந்த ஒரு வசதிக்காக நான் இயங்குதளத்தையே மாற்ற வேண்டுமா, பிபிஏ சேர்க்க வேண்டுமா? ஃபிளாட்பேக்காக நிறுவினேன், வேலை முடிந்தது. அடித்தளம் நிலையாக ஓரிடத்தில் நிற்க, அதன் மேல் நமக்குத் தேவையான ஒன்றிரண்டு மட்டும் புதிதாக இருக்கும் ஏற்பாடு இது. ஃபிளாட்பேக் பழுதானால் அதை நீக்கிவிட்டுப் போகலாம். கணினியின் மற்ற நூலகங்களை அது தொடுவதில்லை. பிபிஏவிலிருந்து வந்த பொதி நூலகங்களை மாற்றி வைத்துவிட்டால், அடுத்த பெரிய மேம்பாட்டின்போது வரும் தலைவலியை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அளவைப் பற்றியும் ஒரு திருத்தம். முதல் முறை பெரிதாக இறங்கும் என்பது சரி. ஆனால் அதே இயங்குசூழலைப் பயன்படுத்தும் இரண்டாவது, மூன்றாவது மென்பொருளுக்கு அது மறுபடி இறங்குவதில்லை. புதுப்பிக்கும்போதும் மாறிய பகுதிகளே இறங்குகின்றன. பழைய சூழல்கள் வட்டில் தேங்கிக் கிடப்பதுண்டு. பயன்படாதவற்றை நீக்கும் கட்டளை ஃபிளாட்பேக்கிலேயே உள்ளது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அதை ஓட்டுகிறேன்.

மேடம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மிண்ட் 22-இன் மென்பொருள் மேலாளர், சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை இயல்பிருப்பாக மறைத்து வைத்திருக்கிறது. சரிபார்க்கப்பட்டது என்றால், மென்பொருளை உருவாக்கியவர்களே அல்லது அவர்கள் ஒப்புதல் பெற்றவர்களே அதை வெளியிடுகிறார்கள் என்று பொருள். சரிபார்க்கப்படாதது எல்லாம் நஞ்சு என்று பொருளில்லை. யாரோ ஒரு தன்னார்வலர் கட்டியிருக்கிறார், அவ்வளவே. நீங்கள் தேடியது கிடைக்காவிட்டால் இந்த அமைப்பு காரணமாக இருக்கலாம். விருப்பங்களில் அதை மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்கு முன் அதை வெளியிட்டவர் யார் என்று ஃபிளாட்ஹப் பக்கத்தில் படித்துப் பாருங்கள். ஃபிளாட்பேக் ஒரு வேலிக்குள் ஓடுகிறது என்பார்கள். வேலியில் எவ்வளவு பெரிய வாசல் வைப்பது என்பது அந்தந்தப் பொதியைப் பொறுத்தது. சில பொதிகள் உங்கள் இல்லக் கோப்புறை முழுவதையும் கேட்கும். ஃபிளாட்சீல் என்ற சிறு மென்பொருளில் இந்த அனுமதிகளைப் பார்க்கவும் குறைக்கவும் முடியும்.

களஞ்சியம் என்றால் தவறே நேராது என்றும் எண்ண வேண்டாம். எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நெடுநாள் பழகி நம்பிக்கை பெற்ற ஒரு பொறுப்பாளரின் பெயரில் கள்ளக்கதவு நுழைக்கப்பட்டிருந்ததை, 2024 மார்ச் 29-ஆம் நாள் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்டார். உள்நுழைவு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைக்குள்ளும் வந்துவிட்டிருந்தன. ஆனால் நிலையான வெளியீடுகளுக்குள் வரவில்லை. அவை பழைய பதிப்பிலேயே நின்றதால் தப்பின. இது என் கட்சியைவிடக் கடைமடை ஐயாவின் கட்சிக்கே வலு சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பதில் 3: எழுத்தாணி

அம்மா, நண்பர்கள் இருவரும் எங்கிருந்து நிறுவுவது என்பதில் இறங்கிவிட்டார்கள். பெயர் தெரியாததைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது; எனக்கு அதுதான் சுவையான பகுதி.

மென்பொருள் மேலாளர் போன்ற கடைமுகங்கள் சாளரம் திறந்து ஓடும் மென்பொருள்களைக் காட்டுவதற்காகவே அமைந்தவை. க்னோம், கேடீஇ என்ற வேறு மேசைகளில் வரும் கடைகளில் இது இன்னும் கண்டிப்பாக இருக்கும். இத்தகைய கடைகளுக்கென எழுதிய விளக்கக் குறிப்பு கொண்ட மென்பொருள்கள் மட்டுமே அவற்றில் தெரியும். ஆனால் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் சாளரம் இல்லாதவை: எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துணரியின் மொழித்தரவு, அலுவலக மென்பொருளின் தமிழ் இடைமுகம். இவற்றைத் தேட சைனாப்டிக் என்ற பழைய கருவியே சிறந்தது. பார்வைக்கு அழகாக இராது. ஆனால் பொதியின் பெயரில் மட்டுமல்லாமல் விளக்கத்திலும் சேர்த்துத் தேடும். முனையம் பழகியவர்கள் 'ஆப்ட் செர்ச்' என்ற கட்டளையில் இதையே செய்வார்கள். தேடுசொல்லாக மென்பொருளின் பெயரைப் போடாமல், செய்ய வேண்டிய வேலையை ஆங்கிலத்தில் ஓரிரு சொற்களில் போட்டுப் பாருங்கள். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழில் தேடினால் ஒன்றும் வராது.

தமிழுக்கென ஒரு சூட்சுமம் உண்டு. பொதிகளின் பெயரில் தமிழ் மூன்று வேடத்தில் வரும். மொழியாகக் கருதப்படும் இடத்தில் பல பொதிகள் டிஏ என்ற இரண்டெழுத்தில் முடியும். லிப்ரெஆபிஸின் தமிழ் இடைமுகம் அப்படிப்பட்டது. டெசராக்ட் எழுத்துணரியின் மொழித்தரவுகள் மூன்றெழுத்துக் குறியைப் பின்பற்றுவதால், தமிழுக்கானது டிஏஎம் என்று முடியும். எழுத்துருக்கள் மொழியை அல்லாமல் எழுத்துமுறையை வைத்துப் பெயரிடப்படுவதால் டிஏஎம்எல் என்று நான்கெழுத்தில் முடியும். லோகித் தமிழ், மீரா இனிமை முதலியவை அந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கின்றன. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் களஞ்சியத்தில் தமிழுக்கு என்னென்ன இருக்கிறது என்பதை ஒரு மாலைப்பொழுதில் பார்த்து முடித்துவிடலாம். நான் அப்படித்தான் பார்த்தேன்; இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

உங்கள் எழுத்துணரி வேலைக்கு ஜிஇமேஜ்ரீடர் பொதியையும் டெசராக்ட்டின் தமிழ்த்தரவுப் பொதியையும் நிறுவ வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டு, தமிழ் வரவில்லை என்று கைவிட்டவர்கள் பலர். டெசராக்ட் 1985-க்கும் 1994-க்கும் இடையில் எச்பி ஆய்வகத்தில் உருவாகி, 2005-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. படத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் வருடினால்தான் அதனிடம் நல்ல விளைவு கிடைக்கும்.

ஸ்கிரைபஸில் பதிப்பு எண்ணைப் பார்ப்பது தமிழுக்கு முக்கியம். 1.4 வரிசையில் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்று எழுதினால் உடைந்து நிற்கும். ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தை 1.5.3-இல் இணைத்த பிறகே இந்திய மொழிகள் ஒழுங்காக வரத் தொடங்கின. அதன் நிலையான வெளியீடான 1.6 வந்தது 2024 ஜனவரியில். இணையத்தில் ஸ்கிரைபஸில் தமிழ் வராது என்று எழுதியிருக்கும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்; மிண்ட் 22-இன் களஞ்சியத்தில் இருப்பது இந்த மாற்றத்துக்குப் பிந்திய பதிப்புதான்.

வகுப்புக்கு உதவுவதாக என்னென்ன உள்ளன என்று பார்க்க விரும்பினால், டெபியன் எடு என்ற திட்டம் பாடவாரியாகத் தொகுத்து வைத்த கூட்டுப்பொதிகளைப் பாருங்கள். கணிதம், புவியியல், வேதியியல் என்று தனித்தனியே இருக்கும். கூட்டுப்பொதியை அப்படியே நிறுவிவிடாதீர்கள், உங்கள் ஒருநாள் இணைப்பு அதிலேயே தீர்ந்துவிடும். அது எவற்றைப் பரிந்துரைக்கிறது என்ற பட்டியலை மட்டும் சைனாப்டிக்கில் திறந்து படித்து, பிடித்ததை நிறுவுங்கள். ஒரு மென்பொருளை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று அறிய டெபியனின் பாப்கான் கணக்கெடுப்புப் பக்கமும் உதவும். அது விரும்பி இணைந்த கணினிகளின் கணக்கு மட்டுமே என்பதால் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துகிறேன்.

பொதிகைச்சாரல்

மூவருக்கும் மிக்க நன்றி. பிபிஏவை நீக்கியதும் பிழைச்செய்தி நின்றுவிட்டது. ஆடாசிட்டி, ஸ்கிரைபஸ், ஜிஇமேஜ்ரீடர் மூன்றையும் கணினிப் பொதிகளாகவே நிறுவினேன். ஒருநாள் இணைப்பிலேயே மூன்றும் இறங்கி, மீதமும் இருந்தது. எழுத்தாணி சொன்ன டிஏஎம் பொதியை நிறுவிய பிறகு 1998-ஆம் ஆண்டு மலரின் ஒரு பக்கத்தை வருடிப் பார்த்தேன். பிழை திருத்த வேண்டியிருக்கிறது, ஆனால் மொத்தமாகத் தட்டச்சு செய்வதைவிட எத்தனையோ மேல்.

ஆர்வத்தால் ஒன்று செய்து பார்த்தேன். கடைமடை ஐயா சொன்னபடி ஸ்கிரைபஸ் ஆப்இமேஜுக்கும் இயக்க அனுமதி கொடுத்தேன். அது திறந்தது, பதிப்பு எண்ணும் களஞ்சியத்தில் உள்ளதைவிடப் புதியது. ஆனால் அதில் தமிழ்99-ஐத் தேர்ந்து தட்டினால் ஆங்கில எழுத்துகளே வருகின்றன. களஞ்சியத்திலிருந்து வந்த ஸ்கிரைபஸில் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஒரே மென்பொருள் ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது?

கடைமடை

நல்ல சோதனை அம்மா. உங்கள் கணினியில் தமிழ்99 ஓடுவது பெரும்பாலும் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுச் சேவை வழியாகத்தான். மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய்யாக்குவது, ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி வைப்பது எல்லாம் அந்தச் சேவையின் வேலை. ஸ்கிரைபஸ் க்யூட்டி நூலகத்தில் எழுதப்பட்டது. அந்தச் சேவையோடு பேசுவதற்கு க்யூட்டிக்கு ஒரு சிறு செருகுநிரல் வேண்டும். களஞ்சியத்துப் பொதி உங்கள் கணினியின் க்யூட்டியையே பயன்படுத்துவதால் செருகுநிரல் அங்கே இருக்கிறது. ஆப்இமேஜ் தன் க்யூட்டியைத் தானே சுமந்து வருகிறது. கட்டியவர் ஆங்கிலம் மட்டும் தட்டுபவராக இருந்தால் இந்தச் செருகுநிரலைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. வெளியில் நீங்கள் நிறுவியதையும் அது எடுத்துக்கொள்ளாது. ஃபிளாட்பேக்குகளில் இயங்குசூழலிலேயே இதற்கான ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதால், புதிய பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் ஆப்இமேஜைவிடத் தறிநாடா சொன்ன வழியே உங்களுக்கு ஏற்றது. இந்த ஒன்றில் அவர் கட்சிக்கு நான் வந்துவிடுகிறேன்.

அதுவரை ஆப்இமேஜ் கோப்பை அழித்துவிட்டு, மிண்ட்டுடன் வரும் டைம்ஷிஃப்டைத் திறந்து, இப்போதுள்ள நிலையை ஒருமுறை பதிந்து வையுங்கள். மலர் வேலை நடுவில் இருக்கும்போது புதிதாக எதையாவது நிறுவிப் பார்க்கும் ஆசை வந்தால், இயங்குதளத்தை இன்றைய நிலைக்கே திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அது உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் இயல்பாகப் பதிவதில்லை. அவற்றைத் தனியே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.